ஏரி காத்த குடிகள்

செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தில் உள்ள இராமர் கோயிலை அறியாதார் தொண்டை நாட்டில் சிலரே. அங்கு எழுந்தருளியுள்ள பெருமானுக்கு 'ஏரி காத்த இராமர்' என்று பெயர். 1794 முதல் 1798 வரை செங்கற்பட்டுச் சீமையின் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் துரை, அடைமழைக் காலத்தில் மதுராந்தகம் ஏரி உடைந்துவிடுமோ என்று அஞ்சினார் என்றும், கரை நிலைத்தால் தாயார் சன்னதியைக் கட்டித் தருவதாக நேர்ந்துகொண்டார் என்றும், அன்றிரவு கரையின்மீது வில்லேந்திய இருவர் காவல் நிற்பதைக் கண்டார் என்றும் தல வரலாறு கூறும். அத்துரையின் பெயரைத் தாங்கிய கல்வெட்டு இன்றும் கோயிலில் உள்ளது.

நம்பிக்கையை ஆராய்வது என் நோக்கம் அன்று. ஆயினும், ஏரிப் பாசனம் உள்ள சிற்றூரில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். அத்தகைய மழை இரவுகளில் கூடையும் மண்வெட்டியும் வைக்கோற் புரியுமாகக் கரைமேல் நின்றவர்கள் வேறு சிலரும் உண்டு. அவர்கள் ஊருக்கு வெளியே, பெரும்பாலும் ஏரியை ஒட்டிய தாழ்வான நிலத்தில் குடியிருந்தவர்கள். அவர்களைப் பற்றிய கல்வெட்டு எதுவும் இல்லை. நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் பணித்தபோது, அரசர்களைப் பற்றி எழுதுவதைக் காட்டிலும் இம்மக்களைப் பற்றி எழுதுவதே தகும் என்று துணிந்தேன்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன என்பது அரசுக் கணக்கு. ஏரி என்பது வெறும் பள்ளம் அன்று. மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக் கால்கள், நீர் தேங்கும் உள்வாய், அதனைத் தடுத்து நிறுத்தும் கரை, வயலுக்கு நீர் விடும் மதகு, மிகைநீரைக் கழிக்கும் கலங்கல், மதகிலிருந்து பிரியும் பாசனக் கால்கள் என அது ஓர் உடம்பைப் போன்றது. ஓருறுப்பு கெட்டாலும் மற்றவை பயன்படா. வண்டல் ஆண்டுதோறும் சேரும். அதனை அள்ளாவிடில் கொள்ளளவு குறையும். நண்டும் எலியும் கரையில் வளை தோண்டும்; அடைக்காவிடில் கரை உடையும். கட்டுவது ஒருமுறை; காப்பதோ ஒவ்வோர் ஆண்டும்.

இவ்வுண்மையைப் பண்டைக்காலத்தவர் நன்கு அறிந்திருந்தனர். உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளைப் பள்ளிப் பாடநூலில் படிக்காத மாணவர் இலர். அவ்வூரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, குடவோலை முறையில் வாரியப் பெருமக்களைத் தேர்ந்தெடுத்தனர். அவ்வாறு அமைந்தவற்றுள் ஆறு பேர் கொண்ட ஏரி வாரியமும் ஒன்று. கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்தில் அமர இயலாது. இன்றைய குழுக்கள் பலவற்றுக்கும் இல்லாத கட்டுப்பாடு இது! வைரமேக தடாகம் எனப் பல்லவர் காலத்திலேயே பெயர் பெற்றது அவ்வூர் ஏரி. ஏரிகளில் வண்டல் அகற்றுவதற்காக அந்நாளில் பொன்னும் நெல்லும் நிலமும் அறக்கொடையாக வைக்கப்பட்டன. ஏரிக்கென ஒதுக்கிய நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது.

முப்பதாண்டுகளாக வகுப்பறையில் இக்கல்வெட்டை நடத்தி வருகிறேன். மக்களாட்சியின் முன்னோடி என்று பாடநூல் புகழ்வதை நானும் புகழ்ந்தே கூறுவேன். ஆனால் தகுதிகளைக் கரும்பலகையில் எழுதும்போது என் கை சற்றே தயங்கும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருத்தல் வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருத்தல் வேண்டும். வேதக் கல்வி பெற்றிருத்தல் வேண்டும். நிலமும் மனையும் மறையும் எவருக்கு மறுக்கப்பட்டனவோ அவர் குடத்தில் ஓலை இடம்பெறாது. ஏரியை மேற்பார்த்தவர் பெயரளவிலாவது வரலாற்றில் உளர். மண் சுமந்தவர் இலர். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் பொறித்த கல்வெட்டுகளில், ஊர்தோறும் வரி நீக்கப்பட்ட நிலங்களின் வரிசையில் குளத்தோடும் வாய்க்காலோடும் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் சேர்த்து எழுதப்பட்டுள்ளன. சேரி அங்கே இருந்தது. ஆனால் சபையில் இல்லை.

கும்பினி ஆட்சி வந்த பின்னர் நிலை மாறிற்று. பொறியாளர் பர்னார்டு 1767 முதல் 1774 வரை செங்கற்பட்டுச் சீமையில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து குறிப்பெடுத்தார். விளைந்த நெல்லில் அரசின் பங்கைப் பிரிக்குமுன்னரே ஊர்ப்பணி செய்வோருக்கும் பொதுக் காரியங்களுக்கும் 'சுதந்திரம்', 'மேரை' என்னும் பெயர்களில் பங்கு ஒதுக்கிய வழக்கத்தை அக்குறிப்புகள் காட்டுகின்றன. நிலவரியே பெரிதெனக் கருதிய புதிய ஆட்சியில் இவ்வழக்கம் தேய்ந்தது. ஏரிகள் தூர்ந்தன. அப்போது அரசுக்குக் குடிமராமத்து நினைவுக்கு வந்தது. 1858ஆம் ஆண்டின் முதலாம் சட்டம் சென்னை மாகாணத்துக்காக இயற்றப்பட்டது. அதன் பெயரே 'கட்டாய உழைப்பு' என்பதாகும். ஏரியோ ஆறோ உடையும் அபாயம் நேர்ந்தால், அருகிலுள்ள ஊர்களின் உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த உடல்வலியுள்ள ஆண்கள் அனைவரையும் வேலைக்கு அழைக்கலாம் என்று அச்சட்டம் விதித்தது. உழைக்கும் வகுப்பு என்ற தொடரை வாசகர் நோக்குக. ஏரி நீரால் விளையும் நிலத்துக்கு உரியவர் அனைவரும் என்று அது கூறவில்லை. குடிமராமத்து என்றால் ஊரே கூடி உழைத்தது என்று இன்று மேடைகளில் பேசுகின்றனர். ஊரார் கூடியது உண்மை. எல்லாரும் ஒரே வகையில் கூடவில்லை என்பதும் உண்மை.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் ஏரிகளைப் புறக்கணித்ததன் விலையை உணர்த்திற்று. பஞ்சக் குழுவின் பரிந்துரையை அடுத்து, 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கிற்று. அது தனி வரலாறு.

இனி, ஒவ்வோர் ஏரிக்கும் உயிராக இருந்த பணியாளரைப் பற்றிக் கூற வேண்டும். அவருக்கு நீர்க்கட்டி என்றும் கம்புகட்டி என்றும் வடமாவட்டங்களில் பெயர். தென்மாவட்டங்களில் நீர்ப்பாய்ச்சி என்பர். பெரும்பாலான ஊர்களில் அவர் பறையர் அல்லது பள்ளர் குடியைச் சேர்ந்தவராகவே இருந்தார். மடை திறந்தவனே மடையன் ஆனான் என்று சொற்பொழிவாளர் சிலர் கூறுகின்றனர். அதற்குச் சான்று நான் கண்டதில்லை. சொல்லாராய்ச்சி வல்லவர் முடிவு செய்யட்டும்.

என் தந்தையார் எங்கள் ஊர் ஏரியின் நீர்க்கட்டி. அவர் எழுதப் படிக்க அறியார். ஆயினும், மதகுக் கல்லில் நீர் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்து, இத்தனை காணிக்கு இத்தனை நாள் தண்ணீர் வரும் என்று கூறுவார். அது பெரும்பாலும் பிழைத்ததில்லை. மேல்மடைக்காரர் எத்தனை நாழிகை பாய்ச்சலாம், கடைமடைக்கு எந்த இரவு முறை என்பதெல்லாம் அவர் நினைவில் இருந்தன. மார்கழிக் குளிரிலும் மூழ்கி மதகின் அடைப்பைத் தளர்த்துவார். கரையின் வெளிப்புறத்தில் கசிவு கண்டால் உடனே கூச்சலிட மாட்டார். கசியும் நீரைக் கையில் ஏந்திப் பார்ப்பார். "தெளிஞ்ச தண்ணி கசிஞ்சா பயமில்லப்பா. கலங்கலா வந்தா கரை மண்ணு கரையுதுன்னு அர்த்தம். அப்பதான் பறை அடிக்கணும்" என்று எனக்குக் கற்பித்தார். பின்னாளில் பொறியாளர் ஒருவரிடம் இதனைக் கூறினேன். அணைகளிலும் இதுவே முதற்சோதனை என்றார் அவர். அவருக்கு அதற்காகப் பட்டம் இருந்தது. என் தந்தையாருக்கு அறுவடையின்போது காணிக்கு இத்தனை படி என நெல் இருந்தது.

நீர்ப்பங்கீட்டுக்கு நிலமில்லாதவரை அமர்த்தியது முன்னோரின் நுண்ணறிவு என்று ஆய்வாளர் எழுதுகின்றனர். தனக்கென வயல் இல்லாதவன் நடுநிலை தவறான் என்பது அவர்கள் கருத்து. அதில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும், அந்த நடுநிலைக்கு என் தந்தையார் கொடுத்த விலையையும் சேர்த்து எழுதுதல் வேண்டும். ஊர் நிலம் முழுவதற்கும் நீர் பாய்ச்சிய அவருக்கு ஒரு குழி நிலமும் இல்லை. களத்து மேட்டில் நெல் அளக்கும்போது அவர் களத்துக்கு வெளியே துண்டை விரித்து நிற்பார். தம்மினும் வயதில் இளையோர் அவரை ஒருமையில் அழைப்பர். ஏரியில் மூழ்கி எழுபவர் அவரே. ஆனால் ஊரார் குடிநீர் எடுத்த குளத்தின் படித்துறையில் என் தாயார் குடத்தை வைக்க இயலாது. அதே மழைதான் இரண்டிலும் பெய்தது.

இவ்விடத்தில் மகாராட்டிரத்தின் மகாடு நகரை நினையாமல் இருக்க முடியவில்லை. பொதுப்பணத்தில் அமைந்த நீர்நிலைகள் தீண்டப்படாதாருக்கும் உரியவை என்று 1923இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் போலே கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறிற்று. மகாடு நகராட்சி 1924இல் தன் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக முடிவு செய்தது. முடிவு ஏட்டில் இருந்தது. குளத்தில் இறங்க எவரும் விடவில்லை. 1927 மார்ச்சு 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று அந்நீரைப் பருகினார். திரும்பியவர்கள் தாக்கப்பட்டனர். பிறகு குளத்தைத் தூய்மைப்படுத்துவதாகக் கூறிப் பாலும் தயிரும் சாணமும் கோமியமும் குடங்குடமாக ஊற்றினர். வழக்கு பத்தாண்டுகள் நடந்து, 1937 மார்ச்சு 17இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் ஒடுக்கப்பட்டோர் பக்கம் தீர்ப்பாயிற்று. மகாட்டில் கேட்கப்பட்டது குடிக்கும் உரிமை. நம் ஏரிகளில் கேட்கப்படாமலே இருப்பது காத்தவரின் உரிமை.

எங்கள் ஊரில் மின் இறைப்பான்கள் பெருகின. கிணறு உடையவருக்கு ஏரி தேவையற்றதாயிற்று. ஏரி தேவையற்றபோது நீர்க்கட்டியும் தேவையற்றவரானார். முதலில் சிலர் நெல்லைக் குறைத்தனர், பின்னர் நிறுத்தினர். 1987ஆம் ஆண்டு அறுவடையில் என் தந்தையார் மாலை வரை நின்று வெறுந்துண்டுடன் திரும்பினார். மறுநாள் முதல் அவர் கரைக்குப் போகவில்லை என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். அவர் போனார். இன்னும் ஐந்தாறு மழைக்காலம் கூலியின்றியே போனார். ஏன் என்று சினந்து கேட்டேன். "உடைஞ்சா முதல்ல நம்ம சேரிதானே முழுவும்" என்றார்.

அரசும் வாளாவிருக்கவில்லை. நூறு ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு உடைய ஏரிகள் பொதுப்பணித் துறையிடமும் சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருந்தன. 1984 முதல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியால் பல ஏரிகள் புதுப்பிக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டில் பாசன விவசாயிகள் சங்கங்களுக்கான சட்டமும், 2007இல் ஏரி ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டமும் வந்தன. 2017 மார்ச்சில் குடிமராமத்து என்னும் பழைய பெயரிலேயே புதிய திட்டம் தொடங்கப்பட்டது. தூர் வாரியதை நான் வரவேற்கிறேன். ஆயினும், பாசனச் சங்கத்தில் வாக்கு நிலம் உடையவருக்கே. நிலமற்ற நீர்க்கட்டிக்கு அங்கே என்ன இடம்? உத்திரமேரூர்க் குடம் இன்னும் அப்படியே இருக்கிறது என்று சொன்னால் பிழையாகுமா? மீன் குத்தகையிலும் மர ஏலத்திலும் சேரிக்குப் பங்குண்டா என்பதை அவரவர் ஊரில் விசாரித்து அறிக. ஆக்கிரமிப்பு அகற்றம் என்று வரும்போது, கரையோரக் குடிசைகளின்மீது இயந்திரம் விரைந்து ஏறுவதையும், உள்வாயில் எழும்பிய மாடிக் கட்டடங்களின் முன் அது தயங்கி நிற்பதையும் நான் கண்டிருக்கிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவரிடம் ஒரு வேலை ஒப்படைத்தேன். ஊரில் நீர்க்கட்டியாக இருந்தவர் பெயர்களை முதியோரிடம் கேட்டு எழுதிவரச் சொன்னேன். சேரிப் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் இணைந்தே சென்றனர். மூன்று வாரம் கழித்து ஒரு நோட்டுப் புத்தகத்துடன் வந்தனர். அதில் ஒன்பது பெயர்கள் இருந்தன. முதல் இரண்டுக்கு எதிரே ஆண்டு தெரியவில்லை என்று எழுதியிருந்தனர். ஒருவர் வெள்ளத்தில் மதகடியில் இறந்தவர் என்று ஒரு பாட்டியார் கூறியதையும் குறித்திருந்தனர். எட்டாவது என் தந்தையார் பெயர். ஒன்பதாவது அவருக்குப் பின் இரண்டே ஆண்டு பார்த்துவிட்டுச் சென்னைக்குக் கட்டட வேலைக்குச் சென்ற என் சிற்றப்பா மகன். அந்த நோட்டுப் புத்தகம் பள்ளி அலுவலகத்தில் வருகைப் பதிவேடுகளோடு உள்ளது. மற்ற ஊர்களிலிருந்தும் எழுதி அனுப்பினால் அதனுடன் சேர்த்து வைப்பேன்.