வாடகை வீட்டு மராமத்து: செலவு யார் தலையில்?

தென்காசி பெரிய கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் அங்கே ஒரு வினோதமான கல்வெட்டை விட்டுச் சென்றிருக்கிறான். 1446ல் தொடங்கிய திருப்பணி அது. பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஏதாவது குறை வந்தால், அதைச் சரிசெய்கிறவர் யாராக இருந்தாலும் அவர் காலில் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்பது அதன் சாரம். கட்டியவன் ராஜா. ஆனாலும் பழுதுபார்க்கப் போகிறவனுக்கு அவன் ஆணையிடவில்லை, கெஞ்சுகிறான்! அவன் பயந்தது போலவே கோபுரம் பிளந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. 1990ல்தான் புதிய ராஜகோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்தது.

கோயிலுக்காவது ஊர் கூடும், நன்கொடை வரும். அதே கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் இருக்கும் ஒரு வாடகை வீட்டுக்கு யார் கூடுவார்கள்? சொந்தக்காரர் "வர்ற வாடகைக்கு இதுவே அதிகம்" என்பார். குடியிருப்பவர் "என் வீடா இது, நான் ஏன் செலவு செய்யணும்?" என்பார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நடுவில் ஒழுகுவது கூரை.

தென்காசி, குற்றாலம் வட்டாரத்துக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தும். ஆனி, ஆடியில் ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. வருடத்தில் இரண்டு முறை நனைகிற ஓட்டு வீட்டில் முதலில் உடைவது நாலைந்து ஓடுகள்தான். அப்போதே மாற்றினால் சில நூறு ரூபாயோடு போகும். விட்டுவிட்டால் மரச்சட்டம் உளுக்கும், பிறகு சுவர் ஈரம் குடித்துக் காரை பெயரும். தள்ளிப்போடப் போட செலவு வளரும்.

உத்தரவு உண்டு, பணம் இல்லை

நம் மாநிலத்தில் வாடகைக் கட்டுப்பாடு இரண்டாம் உலகப் போரின் குழந்தை. நகரங்களில் வீட்டுக்குத் தட்டுப்பாடு வந்து வாடகை ஏறியதால் 1941ல் சென்னை மாகாண அரசு கட்டுப்பாட்டு ஆணை போட்டது. 1946, 1949 சட்டங்களைத் தாண்டி 1960ல் வந்த சட்டம்தான் நீண்ட நாள் நிலைத்தது. நகராட்சிகளுக்கெல்லாம் பொருந்தியதால் தென்காசியும் அதன் கீழ் வந்தது. ஆனால் ஓட்டல், விடுதி அறைகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தவில்லை. ஆக, குற்றாலத்தில் சீசனுக்கு அறை விட்டவர் தன் இஷ்டப்படி வாடகை வைத்து, அதிலிருந்தே வெள்ளையடித்துக் கொள்ள முடிந்தது. நாலைந்து மைல் தள்ளி, தென்காசியில் ஒரு குடும்பத்துக்கு வீடு விட்டவருக்கு அந்த வசதி இருக்கவில்லை.

1960ஆம் ஆண்டுச் சட்டம் பழுதுபார்ப்பை மறக்கவில்லை. உரிமையாளர் தேவையான மராமத்தைச் செய்யாவிட்டால், குடியிருப்பவர் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதியோடு தானே செய்து, செலவை வாடகையில் கழித்துக் கொள்ளலாம். இது போக, இடிந்து விழும் நிலையில் இருக்கும் கட்டடத்தைச் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் விடும் அதிகாரத்தை 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டமே கொடுத்திருந்தது. அதாவது உத்தரவுக்குப் பஞ்சமில்லை. உத்தரவை நிறைவேற்றப் பணம் எங்கிருந்து வரும் என்பதற்குத்தான் பதில் இல்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. மராமத்துக்காக வீட்டைக் காலி செய்யச் சொன்னால், வேலை முடிந்ததும் பழைய குடித்தனக்காரருக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். அதையே இடித்துக் கட்டுவதற்காகக் காலி செய்ய வைத்தால், சொன்னபடி இடித்துவிட்ட பிறகு அந்தக் கட்டாயம் கிடையாது. இப்படி இருந்தால் உரிமையாளர் எதை விரும்புவார்? பழுதுபார்ப்பதை விட, பழுதாக விடுவதுதான் லாபம்! இடிக்கும் வழக்குகளில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று 1996ல் விஜய் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: உண்மையான நோக்கம், கட்டடத்தின் வயதும் நிலையும், மறுபடி கட்ட உரிமையாளரிடம் பணம் இருக்கிறதா என்பது. கையில் காசில்லாத உரிமையாளருக்கு இடித்துக் கட்டுவதும் எளிதல்ல, பழுதுபார்க்கவும் வழியில்லை.

பம்பாய் செய்த சோதனை

நெல்லைச் சீமையிலிருந்து எத்தனையோ பேர் பிழைக்கப் போன பம்பாயில் இந்தச் சிக்கல் பூதாகரமாக வெடித்தது. 1947ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் அங்கே வாடகையை 1940 செப்டம்பர் நிலையிலேயே உறைய வைத்தது. சிமெண்ட், மரம், கூலி எல்லாம் ஏறின. வாடகை ஏறவில்லை. மழைக்காலம்தோறும் கட்டடங்கள் விழுந்தன.

அப்போது மகாராஷ்டிர அரசு ஒரு புதிய வழியை எடுத்தது. 1969ல் பம்பாய்க் கட்டடப் பழுதுபார்ப்பு, மறுகட்டுமானச் சட்டம் வந்தது. பழைய கட்டடங்கள் மீது 'செஸ்' என்ற தனி வரி போட்டு, அந்த நிதியோடு அரசுப் பணமும் சேர்த்து, ஒரு வாரியமே நேரடியாக மராமத்து செய்யும். தொடக்கத்தில் இதில் அடங்கியவை 19,642 கட்டடங்கள். அவற்றில் 16,502 கட்டடங்கள் 1940 செப்டம்பருக்கு முந்தியவை. உரிமையாளர் கையில் பணத்தைக் கொடுக்காமல் வேலையையே செய்து கொடுத்தது இதன் பலம். ஆனால் சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு இருந்தது. அதற்கு மேல் ஆகும் செலவை யார் தருவது என்ற பழைய சண்டை மறுபடி தொடங்கியது.

வாடகையை இப்படி உறைய வைப்பது காலப்போக்கில் நியாயமற்றதாகி விட்டது என்று 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1999ல் மகாராஷ்டிரத்துக்குப் புதிய வாடகைச் சட்டம் வந்தது. ஆனால் அதற்குள் அரை நூற்றாண்டு ஈரம் சுவரில் ஏறியிருந்தது. 2017 ஆகஸ்ட் 31 அன்று பெண்டி பஜாரில் ஹுசைனி என்ற கட்டடம் சரிந்து 33 பேர் இறந்தார்கள். அது ஆபத்தான கட்டடம் என்று சில ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

பணம் கொடுத்தால் மட்டும் போதுமா?

போதாது என்கிறது இங்கிலாந்து. அங்கே 1949ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் பழைய வீடுகளை மேம்படுத்த உதவித்தொகை தந்தது. 1969ல் தொகையைக் கூட்டி நிபந்தனைகளைத் தளர்த்தினார்கள். விளைவு? லண்டனின் பழைய பகுதிகளில் சில உரிமையாளர்கள் குடியிருந்த ஏழைகளை வெளியேற்றி, அரசுப் பணத்தில் வீட்டைப் புதுப்பித்து, நல்ல விலைக்கு விற்றார்கள். வீடு பிழைத்தது, குடித்தனம் தெருவுக்கு வந்தது. 1974ஆம் ஆண்டுச் சட்டம் விழித்துக் கொண்டு, உதவி பெற்றவர் நிபந்தனையை மீறினால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று கடுமையாக்கியது. அமெரிக்காவோ 1964ல் இலவசத்துக்குப் பதில், மூன்று சதவீத வட்டிக்குப் பழுதுபார்ப்புக் கடன் தந்தது.

நம் நாட்டிலும் உரிமையாளருக்கு ஓர் உதவி இருக்கிறது. பலர் அதை உதவி என்றே நினைப்பதில்லை. 1922ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலேயே மராமத்துக்காக ஆறில் ஒரு பங்கு கழிவு இருந்தது. 2001ஆம் ஆண்டு நிதிச் சட்டத்துக்குப் பிறகு, வீட்டு வரி போக மிஞ்சும் வாடகை வருமானத்தில் 30 சதவீதம் கழிக்கலாம். 2025ன் புதிய வருமான வரிச் சட்டமும் இதை வைத்திருக்கிறது. ஆண்டுக்கு 60,000 ரூபாய் வாடகை என்றால் 18,000 ரூபாய்க்கு வரி இல்லை. ஒரு ஓடு கூட மாற்றாதவருக்கும் இது உண்டு, கூரையையே மாற்றியவருக்கும் இவ்வளவுதான். அதோடு, வரி கட்டும் அளவு வருமானமே இல்லாமல், ஒரு வீட்டு வாடகையை நம்பி வாழும் வயதான உரிமையாளருக்கு இதனால் ஒரு பைசா பயனில்லை. யாருக்குப் பணம் இல்லையோ அவருக்கே உதவியும் இல்லை!

தமிழ்நாட்டில் 2017ல் இயற்றிய புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. வாடகையை இரு தரப்பும் ஒப்பந்தத்தில் முடிவு செய்யலாம். வெள்ளையடிப்பது, கட்டட அமைப்பு, குழாய், மின் வயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச் போன்ற சின்ன வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு. வேலையைப் பிரித்தாயிற்று. நிதி பற்றி அதிலும் பேச்சில்லை. அரசுத் திட்டங்களில் முன்பு கட்டிய ஊரக வீடுகளைப் பழுதுபார்க்க 2024ல் தமிழக அரசு தனித் திட்டம் அறிவித்தது. வாடகை வீடுகள் அந்தக் கணக்கில் வரவில்லை.

இந்த வரலாறு சொல்வது இதுதான். பணம் தராமல் உத்தரவு மட்டும் போட்டால் வீடு விழும். நிபந்தனை இல்லாமல் பணம் மட்டும் கொடுத்தால் குடித்தனக்காரர் விழுவார். குறைந்த வட்டிக் கடனாக இருக்கட்டும், மானியமாக இருக்கட்டும், மூன்று முடிச்சு வேண்டும்: வேலை முடிந்ததைப் பார்த்தே பணம், குடியிருப்பவர் சில ஆண்டுகளாவது அங்கேயே இருக்கும் உரிமை, மீறினால் பணம் திரும்ப வர வேண்டும். அதுவும் ஓடு உடைந்த வருடமே கொடுத்தால் சில ஆயிரம் ரூபாயில் முடியும் காரியம் இது. சுவர் விழுந்த பிறகு கொடுப்பதற்குப் பெயர் நிவாரண நிதி.