ஆய்வேட்டு எழுத்துதவி

ஆய்வேட்டு எழுத்துதவி என்பது, முனைவர் பட்டத்துக்கோ முதுநிலைப் பட்டத்துக்கோ ஆய்வேடு எழுதும் ஒருவர், தலைப்புத் தேர்விலிருந்து வாய்மொழித் தேர்வு வரை பிறரிடம் பெறும் அறிவுரை, வாசிப்பு, திருத்தம், நூல் தேடல், தட்டச்சு முதலியவற்றைக் குறிக்கும். நெறியாளர், நூலகர், உடன் படிக்கும் ஆய்வாளர், மெய்ப்புப் பார்ப்பவர், டிடிபி சென்டரில் பக்கம் கட்டுபவர் என இதில் பலருடைய கை இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு ஆய்வேட்டையே எழுதிக் கொடுப்பதையும் சிலர் இதே பெயரால் அழைக்கிறார்கள். முன்னது இல்லாமல் நல்ல ஆய்வேடு உருவாவது அரிது. பின்னதில் ஆய்வாளர் என்று ஒருவரே இல்லாமல் போகிறார். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில், குறிப்பாகத் தமிழில், எழுதப்படும் முனைவர் பட்ட ஆய்வேடுகளை மனத்தில் வைத்தே இக்கட்டுரை பேசுகிறது.

முன்னோடிகள்

சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1930 முதல் 1958 வரை ஆய்வேட்டுச் செயலராக இருந்தவர் கேட் துராபியன். அங்கே ஏற்கப்படும் ஆய்வேடுகள் அவர் மேசையைக் கடந்தே வெளியேறின. அடிக்குறிப்பு எப்படி அமைய வேண்டும், ஓரம் எவ்வளவு விட வேண்டும், மேற்கோளை எங்கே உள்தள்ள வேண்டும் என்று மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு விடையாக 1937-ல் ஒரு சிறு கையேட்டைத் தொகுத்தார். இன்றுவரை புதிய பதிப்புகள் கண்டுவரும் அந்நூலை எழுதியவர் கல்லூரியில் படித்தவர் அல்லர்.

இத்தாலிய எழுத்தாளர் உம்பர்த்தோ எக்கோ 1977-ல் ஆய்வேடு எழுதுவது எப்படி என்று ஒரு நூல் எழுதினார். இத்தாலியில் பல்கலைக்கழகக் கதவு எல்லாருக்கும் திறந்துவிட்டிருந்த காலம் அது. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர், நல்ல நூலகத்துக்குத் தொலைவில் வாழ்பவர், நெறியாளரை அடிக்கடி பார்க்க முடியாதவர் ஆகியோரை எண்ணியே அதை எழுதினார். அலெசாந்திரியா என்னும் சிறு நகரத்தின் பொது நூலகத்துக்குப் போய், தமக்கு அதிகம் தெரியாத ஒரு பொருளில் மூன்று பிற்பகல்களுக்குள் நூற்பட்டியல் ஒன்றைத் திரட்டி, சிற்றூர் மாணவருக்கும் இது முடியும் என்று அந்நூலில் செய்தே காட்டியிருக்கிறார். ஆய்வு உதவி பற்றிய எழுத்துகளில் அந்தப் பகுதிக்கு இணையாக எதையும் சொல்ல இயலவில்லை. வீட்டிலேயே முதலாவதாகக் கல்லூரி வாசலை மிதித்தவருக்கு இன்றும் அது பொருந்துகிறது.

தமிழாய்வில் நெறியாளர் என்ன தர முடியும் என்பதற்கு க. கைலாசபதி நல்ல சான்று. இலங்கையிலிருந்து இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்துக்குப் போன அவருக்கு நெறியாளராக அமைந்தவர் ஜார்ஜ் தாம்சன் என்னும் கிரேக்கப் பேராசிரியர். தாம்சனின் துறை தமிழ் அன்று. கிரேக்க வீரயுகப் பாடல்களை எப்படிப் படிப்பது, வாய்மொழி மரபின் தடங்களை எப்படி இனம் காண்பது என்ற பார்வையைத் தருவதுதான் அவரால் முடிந்தது. சங்கப் பாடல்களை அந்தப் பார்வையில் வைத்து வாசித்தது கைலாசபதி. 1968-ல் ஆக்ஸ்போர்டிலிருந்து நூலாக வந்த அந்த ஆய்வை இன்று மறுத்து எழுதுபவரும் படித்துவிட்டே மறுக்கிறார்கள். பின்னர் கா. சிவத்தம்பியும் அதே நெறியாளரிடம் போய்ப் பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி ஆய்வு செய்தார்.

நெறியாளரும் விதிகளும்

பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிகளின்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் நெறியாளராக இருக்கலாம். ஓய்வுபெற மூன்று ஆண்டுக்கும் குறைவாக உள்ளவர் புதிதாக யாரையும் சேர்த்துக்கொள்ளக் கூடாது. படிப்புக் காலம் குறைந்தது 3 ஆண்டு, கூடியது 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு உண்டு. மகப்பேற்றுக்கும் குழந்தை வளர்ப்புக்குமாகப் பெண்கள் 240 நாள் வரை விடுப்பு எடுக்கலாம். இவற்றைச் சேரும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், கடைசி ஆண்டில் அலைபவர்கள் பலர்.

டாக்டரல் கமிட்டி என்று பேச்சில் வழங்கும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வாளர் தம் முன்னேற்றத்தை எடுத்துவைக்க வேண்டும். பல இடங்களில் இது கையெழுத்து வாங்கும் சடங்காகச் சுருங்கிவிட்டது. ஆனால் ஆய்வாளர் நினைத்தால் அதை மாற்றலாம். எழுதி முடித்த பத்துப் பக்கத்தை ஒரு வாரம் முன்பே குழுவினர் கையில் கொடுத்துவிட்டு, ‘இந்த இயலில் என் வாதம் நிற்கிறதா, ஐயா?’ என்று கேட்டால், பெரும்பாலான ஆசிரியர்கள் உட்கார்ந்து படிக்கவே செய்கிறார்கள். ‘எப்படி இருக்கிறது?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘நன்றாக இருக்கிறது, தொடர்ந்து செய்யுங்கள்’ என்ற பதிலோடு முடிந்துவிடும்.

பாட வகுப்பில் ஆய்வு நெறிமுறை கற்பிக்கப்படுகிறது. கருதுகோள், ஆய்வெல்லை, முன்னாய்வுகள், முதன்மைச் சான்று, துணைமைச் சான்று ஆகியவற்றின் விளக்கங்கள் ஆய்வாளருக்கு மனப்பாடமாக இருக்கும். ஆனால் ஒரு பத்தியை எழுதி, அடித்து, திரும்ப எழுதும் பயிற்சி அந்த வகுப்பில் கிடைப்பது அபூர்வம். எழுத்துதவியின் தேவை பிறப்பது அந்த இடத்தில்தான்.

வரைவு வாசிப்பு

எல்லா உதவிகளிலும் பயன் மிக்கது, கையில் பென்சிலோடு ஒருவர் வரைவைப் படித்துத் தருவது. படிப்பவர் வாக்கியத்தை மாற்றி எழுதித் தரத் தேவையில்லை. ஓரத்தில் கேள்வி எழுதினால் போதும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஆய்வாளர் இப்படி எழுதியிருக்கிறார்: ‘சங்க காலத்தில் பெண்கள் மிக உயர்ந்த நிலையில் இருந்தனர்.’ படிப்பவர் ‘பெண்கள்’ என்ற சொல்லின் கீழே கோடிட்டு, எந்தப் பெண்கள் என்று கேட்கிறார். ‘உயர்ந்த நிலை’ என்பதற்கு அருகில், எதை வைத்து என்று எழுதுகிறார். ‘சங்க காலத்தில்’ என்பதைச் சுழித்து, எந்த நூலில் என்கிறார். மூன்றே கேள்விகள். ஆய்வாளர் திரும்பப் பாடல்களுக்குப் போகிறார். அடுத்த வரைவில் அந்த வரி இப்படி வருகிறது: ‘புறநானூற்றில் ஔவையார் அதியமானைப் பாடும் பாடல்கள், புலவராக இருந்த ஒரு பெண் அரசனிடம் உரிமையோடு பேச முடிந்ததைக் காட்டுகின்றன, பிற பெண்களின் நிலையை இவற்றைக் கொண்டு முடிவு செய்ய இயலாது.’ இரண்டாவது வாக்கியம் முழுக்க ஆய்வாளருடையது. வாசித்தவர் தந்தது கேள்வி மட்டும். உதவியின் எல்லை எது என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

எழுத்துப்பிழை, சந்திப்பிழை, ஒருமை பன்மை மயக்கம் ஆகியவற்றைத் திருத்த மெய்ப்புப் பார்ப்பவரை அமர்த்திக்கொள்வது முறையானதே. வல்லினம் மிகும் இடமும் மிகா இடமும் நன்கு தெரிந்தவர் கிடைத்தால் அவருக்கு உரிய கூலியைக் கொடுத்துத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் வரைவைப் படித்துச் சொல்ல ஆள் இல்லாதவர்களுக்கு உடன் ஆய்வாளர்களே துணை. நான்கு பேர் சேர்ந்து மாதம் ஒருமுறை ஆளுக்கு ஓர் இயலைப் படித்துப் பேசுவது, காசு செலவில்லாத, எந்தத் துறையிலும் நாளையே தொடங்கக்கூடிய ஏற்பாடு.

எழுத்துருவும் அகரவரிசையும்

தமிழ் ஆய்வேட்டுக்கென்றே சில தொல்லைகள் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். திரையில் தமிழாகத் தெரிவது கணினிக்குப் பொருளற்ற ஆங்கிலக் கோவை. அந்தக் கோப்பில் ஒரு சொல்லைத் தேடவோ பிறருடைய எழுத்தோடு ஒப்பிடவோ இயலாது. தமிழக அரசு 2010-ல் யூனிகோடையும் தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் தரமாக ஏற்றது. ஆனாலும் டிடிபி சென்டர்களில் பழைய பழக்கம் எளிதில் போகவில்லை. கடைசி மாதத்தில் மாற்றும்போது ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் பிரிந்து நிற்கும். நானூறு பக்கத்தையும் மறுபடி மெய்ப்புப் பார்க்க வேண்டிவரும். முதல் நாளே யூனிகோடில் தொடங்கினால் இந்தத் துன்பம் இல்லை.

துணைநூற்பட்டியலில் இன்னொன்று. தமிழ் நெடுங்கணக்கில் ழ, ள, ற, ன நான்கும் கடைசியில் வரும். யூனிகோடு அட்டவணையில் அவை ல, ர, ந ஆகியவற்றை ஒட்டி நிற்கின்றன. குறியெண்ணை அப்படியே பின்பற்றும் மென்பொருளிடம் பட்டியலைக் கொடுத்தால் கனகசபை முன்னும் கமலக்கண்ணன் பின்னுமாக அடுக்கித் தரும். தமிழ் அகராதி முறையில் கமலக்கண்ணனே முதலில் வர வேண்டும். பெயர்களிலும் கவனம் தேவை. சாமிநாதையரைச் சகர வரிசையில் வைத்து, முன்னெழுத்துகளைப் பின்னால் தர வேண்டும். கமில் சுவலபில்லுக்குக் குடும்பப் பெயர் உண்டு என்பதால் அவரும் சகரத்துக்கே போகிறார். சொட்டேரோ போன்ற இலவச மென்பொருள் நூல் விவரங்களைச் சேமித்துவைக்கப் பெரிதும் உதவும். ஆனால் கடைசிப் பார்வை மனிதருடையதாக இருக்க வேண்டும்.

ஒப்புமைச் சோதனை

மானியக் குழுவின் 2018 விதிகள் கருத்துத் திருட்டை நான்கு படிகளாகப் பிரிக்கின்றன. 10 விழுக்காடு வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டையும் கொடுக்க முடியாது. அதற்கு மேல் போனால் பதிவே ரத்து. முறையாகச் சுட்டப்பட்ட மேற்கோள், நூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை ஆகியவை இந்தக் கணக்கில் சேரா. ஆகவே சங்கப் பாடல்களை மேற்கோள் காட்டிய ஆய்வாளர் அறிக்கையின் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. எந்தப் பகுதிகளைக் கழித்துச் சோதித்தார்கள் என்று கேட்க வேண்டும்.

எண்ணைக் குறைப்பதற்காகச் சொற்களை மட்டும் மாற்றித் தருவதாகச் சொல்லும் சேவைகளை நாடுவது தவறு. பிறர் கருத்து அங்கேயே இருக்கிறது. அவர் பெயர் மட்டும் மறைகிறது. ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கித் தன்னுடையதாகக் காட்டினால் மென்பொருள் பெரும்பாலும் கண்டுபிடிக்காது. அத்துறையில் ஊறிய புறத்தேர்வாளர் கண்டுபிடிப்பார். 2022-க்குப் பின் பரவிய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இல்லாத நூல்களுக்கும் ஆண்டும் பக்க எண்ணும் தரக்கூடியவை. ஆகவே நூலைக் கையில் எடுத்துப் பார்க்காமல் ஒரு சான்றும் ஏட்டில் ஏறக் கூடாது.

பிறருக்காகப் பாட ஒப்படைப்பும் ஆய்வேடும் எழுதி விற்பதை நியூசிலாந்து 2011-லும், அயர்லாந்து 2019-லும், ஆஸ்திரேலியா 2020-லும், இங்கிலாந்து 2022-லும் சட்டப்படி குற்றமாக்கின. அந்தத் தண்டனை விற்பவருக்கு. வாங்குபவர் பாதிக்கப்படுவது பொது வாய்மொழித் தேர்வில். ‘மூன்றாம் இயலில் இந்தப் பகுப்புக்கு எப்படி வந்தீர்கள்?’ என்று தேர்வாளர் கேட்கும்போது, அதை எழுதியவர் அந்த அறையில் இருப்பதில்லை.

நூலகங்களும் இணையமும்

கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பைக் கொண்டு 1994-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நூலகம், பழைய தமிழ் அச்சு நூல்களுக்கும் இதழ்களுக்கும் முதல் வாசல். பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், தஞ்சையில் சரசுவதி மகால், எழும்பூரில் ஆவணக் காப்பகம் ஆகியவை அடுத்தவை. ஈழத்து எழுத்துகளுக்கு 2005 முதல் இயங்கும் நூலகம் திட்டம் இணையத்திலேயே கிடைக்கிறது. காந்திநகரின் இன்ஃப்ளிப்நெட் நடத்தும் சோத்கங்கா களத்தில் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் திறந்து கிடக்கின்றன. தலைப்பை உறுதி செய்யுமுன் அங்கே ஒரு வாரம் செலவிடுவது, பின்னர் இரண்டு ஆண்டு வீணாகாமல் காக்கும். நூலகத்துக்குப் போகிறவர் ஆய்வுத் தலைப்பை மட்டும் சொல்லாமல், தேடும் இதழின் பெயரையும் ஆண்டையும் தாளில் எழுதிக்கொண்டு போனால் நூலகர் மிக விரைவில் உதவுவார்.

பெற்ற உதவியைப் பதிவு செய்யும் இடம் நன்றியுரை. அங்கே நெறியாளர், துறைத்தலைவர், பெற்றோர் பெயர்கள் வரும். தட்டச்சு செய்தவர் பெயரும் கடைசி வரியில் வரும். வரைவைப் படித்தவர், மெய்ப்புப் பார்த்தவர், களப்பணியில் மணிக்கணக்கில் பேசிய ஊர்க்காரர்கள் ஆகியோரும், அவர்கள் சம்மதித்தால், என்ன உதவி செய்தார்கள் என்ற குறிப்போடு அங்கே இடம்பெற வேண்டும்.