கூடுதுறைக்கு வந்த வரிசை

பவானிக் கூடுதுறையில் இரண்டு ஆறுகள் கண்ணுக்குத் தெரியும். ஒன்று காவிரி, இன்னொன்று பவானி. மூன்றாவதாக அமுத நதி அடியில் வந்து கலக்கிறது என்று படித்துறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இந்த ஊரில் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் எனக்கு, இரண்டு புரோகிராம்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேசுகின்றன என்பதை விளக்க வேறு உதாரணம் தேவைப்பட்டதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமைப் புராசஸ் என்கிறோம். ஒரு புராசஸின் மெமரிக்குள் இன்னொன்று கை நீட்ட முடியாது. இரண்டுக்கும் அடியில், கண்ணில் படாமல், இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஓடுகிறது. சொல்ல வேண்டியதை அதனிடம் ஒப்படைத்தால் அது வாங்கி வைத்து, கேட்பவருக்குக் கொடுக்கும். வாங்கி வைக்கும் அந்த இடம்தான் மெசேஜ் கியூ, அதாவது செய்தி வரிசை.

இந்த வரிசை பிறந்த ஊரும் ஒரு கூடுதுறை என்று தெரிந்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரம், சயோட்டோ, ஓலன்டாஞ்சி என்ற இரண்டு ஆறுகள் சேருமிடத்தில் இருக்கிறது. பெல் ஆய்வகத்தின் கிளை ஒன்று அங்கே இருந்தது. அதே ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் தாய்வீடு நியூஜெர்சியில். அங்கே 1973இல் வந்த ‘பைப்’ ஒரு புராசஸின் வெளியீட்டை இன்னொன்றின் வாயில் ஊற்றியது. அருமையான கருவிதான். ஆனால் ஒரே தாய்ப் புராசஸுக்குப் பிறந்தவற்றுக்குள் மட்டுமே அது ஓடும். ஒரு செய்தி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்ற கணக்கும் அதற்குக் கிடையாது. கொலம்பஸில் இருந்தவர்களுக்கோ டெலிபோன் கம்பெனிகளின் அன்றாட வேலையை நடத்தும் புரோகிராம்கள் வேண்டியிருந்தன. ஒன்றுக்கொன்று உறவில்லாத பல புராசஸ்கள், தனித்தனியாகத் தொடங்கித் தனித்தனியாக முடிபவை, நாள் முழுக்கத் தகவல் மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தத் தேவைக்காக 1970களில் அவர்கள் தங்கள் யூனிக்ஸில் சேர்த்தவற்றுள் ஒன்று செய்தி வரிசை. 1983இல் வெளிவந்த சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸ் வழியாக அது உலகுக்குப் போனது.

யூனிக்ஸைப் பின்பற்றி எழுந்த லினக்ஸுக்குள் அது வந்த தடம் இன்னும் அழியவில்லை. கெர்னலில் செய்தி வரிசைக்கான மூலக்கோப்பைத் திறந்தால் மேலேயே 1992 என்ற ஆண்டும் கிருஷ்ணா பாலசுப்ரமணியன் என்ற பெயரும் நிற்கும். அந்தப் பெயரைக் காட்டும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். பிறகு போசிக்ஸ் என்ற பொதுத்தரத்தின்படியான வரிசை 2004இல் லினக்ஸில் சேர்ந்தது. அது இன்னும் ஒழுங்கானது, முன்னுரிமை அதிகமுள்ள செய்தியைத் தானே முதலில் எடுத்துக் கொடுக்கும். எனக்கு என்னவோ பழையதன் மேல்தான் பிரியம்.

பாடத்துக்காக நான் எழுதிய புரோகிராம்கள் இரண்டு. மேட்டூர் அணையிலிருந்து விநாடிக்கு லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டால் எங்கள் ஊரின் கரையோரத் தெருக்களில் தண்ணீர் ஏறும். அதனால் ஒன்றுக்கு ‘மட்டம்’, இன்னொன்றுக்கு ‘தண்டோரா’ என்று பெயர் வைத்தேன். மட்டம் அளவைச் சொல்லும், தண்டோரா ஊருக்கு அறிவிக்கும். இரண்டும் ஒரே எண்ணைச் சாவியாகச் சொன்னால் ஒரே வரிசை கிடைக்கும்.

செய்தியின் பயணம் இனிமேல்தான். மட்டம் அதற்கு முதலில் ஒரு வகை எண் கொடுக்கிறது. பூஜ்யத்தைவிடப் பெரியதாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே விதி. வெள்ள எச்சரிக்கைக்கு 1, அன்றாட அளவுக்கு 5 என்று வைத்துக்கொண்டோம். அனுப்பு என்றதும் கெர்னல் அதன் நீளத்தைப் பார்க்கிறது. வழக்கமான அமைப்பில் 8192 பைட்டைத் தாண்டக்கூடாது. பிறகு தன் மெமரியில் இடம் ஒதுக்கி எழுத்துக்கு எழுத்து நகலெடுக்கிறது. அதற்குப் பின்தான், இந்த வரிசையில் எழுத உனக்கு உரிமை உண்டா என்று விசாரணை. தண்டோரா ஏற்கெனவே காத்துத் தூங்கிக்கொண்டிருந்தால் செய்தி வரிசையில் நிற்பதே இல்லை. நேராக அதன் கைக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கடைசியில் போய் நிற்கும்.

வரிசைக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. மேட்டூருக்கு 120 அடி என்றால் இதற்கு 16384 பைட். அது நிரம்பிவிட்டால் அனுப்ப வந்த புராசஸைக் கெர்னல் தூங்க வைத்துவிடும். இடம் விழுந்ததும் எழுப்பும். மேலிருந்து வருகிற ஆற்றை நில் என்று அணையால் சொல்ல முடியாது, கெர்னலால் முடியும். காத்திருக்க நேரமில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், இப்போது இடமில்லை என்ற பதிலோடு உடனே திருப்பி அனுப்பும்.

எடுப்பவருக்கும் விருப்பம் உண்டு. பூஜ்யம் என்று கேட்டால் முன்னால் நிற்பது வரும். மைனஸ் 5 என்று கேட்டால், 5 வரையுள்ள வகைகளில் எது மிகச் சிறியதோ அது வரும். பத்து அன்றாட அளவுகளுக்குப் பின்னால் நின்றாலும் வெள்ள எச்சரிக்கை முந்திக்கொண்டு வெளியே வந்துவிடும். கொலம்பஸில் யாரோ இதை யோசித்து வைத்திருக்கிறார்களே என்று எனக்கு இன்றும் மனம் நெகிழும்.

ஒரு தவறும் நடந்தது. முதல் நாள் வகுப்பு முடிந்து, கம்ப்யூட்டரை அணைக்காமல் போய்விட்டோம். மறுநாள் காலை தண்டோராவை ஓட்டியதும் வெள்ளம் வருகிறது என்று அறிவித்தது. மட்டத்தை யாரும் இன்னும் தொடங்கவே இல்லை.

“ஏனுங் சார், நேத்து வந்த தண்ணி இன்னைக்கு எப்படீங்க வந்துச்சு?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

“தண்ணி புதுசு இல்லை கண்ணு, சேதிதான் பழசு” என்றேன். கேள்வி சரியானது. அனுப்பிய புராசஸ் முடிந்தாலும் வரிசை முடிவதில்லை. யாராவது அழிக்கும்வரை, அல்லது கம்ப்யூட்டரை அணைக்கும்வரை, கெர்னல் அதைக் காத்து வைத்திருக்கும். ஐபிசிஎஸ் என்று தட்டினால் எத்தனை செய்திகள் காத்திருக்கின்றன என்று காட்டும், ஐபிசிஆர்எம் அழித்துவிடும். அன்றைக்கே செய்திக்குள் நேரத்தையும் எழுதக் கற்றுக்கொண்டோம், பழைய எச்சரிக்கையைத் தண்டோரா அடையாளம் கண்டு தள்ளிவிடும்படி.

ஆனால் அந்தக் குணத்தைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வகுப்பில் வேண்டுமென்றே செய்து பார்த்தோம். வகை 1 செய்தியை அனுப்பிய மறுகணம் மட்டத்தைக் கொன்றோம். தண்டோராவைத் தொடவில்லை. எல்லோரும் டீ குடித்துவிட்டு வந்தோம். பிறகுதான் தண்டோராவை ஓட்டினோம். அது எழுந்து மைனஸ் 5 என்று கேட்டது. கெர்னல் செய்தியை அதன் கையில் கொடுத்து, தன்னிடமிருந்த நகலை விடுவித்தது. திரையில் ஒரே வரி: கரையோரத் தெருக்காரர்கள் மேட்டுக்குப் போகவும்.