பாக்கெட் சுவிட்ச்: வரிசையமைப்பும் செயல்திறனும்

பாக்கெட் சுவிட்ச் என்பது, பல உள்வாயில்களின் வழியே வரும் தரவுப் பொதிகளை, அவற்றின் தலைப்பிலுள்ள முகவரியை நோக்கி உரிய வெளிவாயில்களுக்குச் செலுத்தும் வலையமைப்புச் சாதனமாகும். ஒரே கணத்தில் ஒரே வெளிவாயிலைப் பல பொதிகள் நாடும்போது, காத்திருப்பவை எங்கே நிறுத்தப்படுகின்றன என்பதே இச்சுவிட்சுகளை வகைப்படுத்தும் பிரதான லட்சணம்.

வெளிவாயில் வரிசையமைப்பு தாமதத்தில் உத்தமமானதாயினும், 16 வாயில்களுள்ள சுவிட்சில் அதன் நினைவகம் இணைப்பைப்போல் 17 மடங்கு வேகத்தில் இயங்க வேண்டியிருப்பதால், அதிவேக வலையமைப்புகளில் அது சாத்தியப்படுவது அரிது. உள்வாயிலில் ஒற்றை வரிசை வைத்தால் இருமடங்கே போதும். ஆனால் தலைப்பொதி தடைப்பட்டு நிற்கையில், பின்னுள்ள பொதி நாடும் வாயில் வெறுமையாயிருந்தும் அப்பொதி நகர இயலாது. இத்தடையால், வரத்து சமமாகவும் தற்செயலாகவும் பரவியிருப்பினும், பெரிய சுவிட்சின் செயல்திறன் 58.6 சதவிகிதத்தோடு நின்றுவிடுமென்பதைக் கேரோல், ஹ்லூகி, மோர்கன் ஆகியோர் 1987இல் நிறுவினர்.

ஒவ்வோர் உள்வாயிலிலும் வெளிவாயில்தோறும் தனி வரிசை வகுப்பது இதற்குப் பரிகாரம்; கருத்தில் எளிய இதுவே இத்துறையின் மிகப் பயனுள்ள திருத்தம் எனல் தகும். இவ்வமைப்புக்கென நிக் மெக்கியோன் 1999இல் வெளியிட்ட ஐஸ்லிப் முறை, சுழலும் முன்னுரிமையால் சமமான வரத்தில் முழுத்திறனை எட்டியது. சமமற்ற வரத்தில் அவ்வுறுதி இல்லை. உள்ளியக்க வேகத்தை இருமடங்காக்கினால் வெளிவாயில் வரிசையமைப்பையே துல்லியமாகப் பின்பற்ற இயலுமென்பதும் அதே ஆண்டில் நிறுவப்பட்டது.