தாய்ப்பார்: ஹேர்ட்மன் அறிக்கையில் உறைந்திருக்கும் கடலறிவு

பேசாலை வாடிகளில் ‘பார்’ என்ற சொல்லுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. கடலடியில் கல்லும் கடினத்தரையுமாக மேடிட்டு, மீனும் சிப்பியும் அண்டி வாழும் இடம் அது. மன்னார் வளைகுடா முத்துச்சிப்பி பற்றி லண்டன் அரச கழகம் 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளியிட்ட அறிக்கையில் இச்சொல் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே ஆளப்படுகிறது. நூலாசிரியர் லிவர்பூல் பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் டபிள்யூ. ஏ. ஹேர்ட்மன். அந்நூலை ஐரோப்பிய அறிவியலின் தனிச்சாதனையாக வாசித்துவரும் வழக்கம் திருத்தப்பட வேண்டும் என்பது என் வாதம்.

பேசாலை பாக்கு நீரிணையை நோக்கிய ஊர். முத்துப்பார்களோ மன்னார்த் தீவுக்குத் தெற்கே, அரிப்பு, சிலாவத்துறைக்கு அப்பால் கிடப்பவை. ஆனால் கடலடியை வகுத்துப் பெயரிட்ட மொழி இரு கரைக்கும் ஒன்றுதான். 1891க்குப் பின் சலாபம் எனும் முத்துக்குளிப்பு நடவாமற்போகவே, காரணம் அறிய இலங்கை அரசு ஹேர்ட்மனை அழைத்தது. அவர் 1902இல் வந்து, சில மாதங்களில் திரும்பிவிட்டார். உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னெல் தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். இவர்களுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்னரே, இலங்கையிற் பிறந்த மருத்துவர் கெலார்ட் இதே சிப்பியை ஆராய்ந்து அறிக்கைகள் எழுதியிருந்தார்.

அறிக்கையில் என்னை நிறுத்திவைத்த இடம் பெரிய பார் பற்றிய பகுதி. கரையிலிருந்து ஏறத்தாழ இருபது மைல் தொலைவில், ஆழ்கடற் சரிவின் விளிம்பில், வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் பார் அது. அங்கே இளஞ்சிப்பிகள் அடர்ந்து படியும். சோளகக் கடல் எழுந்ததும் அள்ளுண்டு போய்விடும். 1880 முதல் பதினொரு முறையேனும் இப்படிப் படிந்தும் ஒரு சலாபத்துக்குக்கூட அவை உதவவில்லை என்று ஹேர்ட்மன் கணக்கிட்டார். கடலோடிகள் இதற்கிட்ட பெயர் ‘தாய்ப்பார்’ என்ற பொருள்பட அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. இங்கு பிறக்கும் குஞ்சுகளே கரையோரப் பார்களை நிரப்புகின்றன என்பது அவர்களின் நம்பிக்கை. அது தவறு என்றார் ஹேர்ட்மன். குஞ்சுகள் கரையோரம் சேர்வதில்லை, அழிகின்றன என்பது அவர் முடிவு.

ஆனால் அடுத்து அவர் செய்த பரிந்துரையைக் கவனியுங்கள்: பெரிய பாரின் இளஞ்சிப்பிகளை வாரியெடுத்துக் கரையோரப் பார்களில் விதைக்க வேண்டும். தாய் தானாகச் செய்கிறாள் என்று மக்கள் நம்பியதைக் கப்பல் வைத்துச் செய்யச் சொன்னார். குஞ்சுகள் மீண்டும் மீண்டும் படியும் இடம் அது என்ற அவதானிப்பு, பெயரிட்டவர்களுடையது. விளக்கம் பிழைத்தது, அவதானிப்பு பிழைக்கவில்லை. மறுத்ததை மட்டும் ‘சுதேசி நம்பிக்கை’ என்று பதிந்துவிட்டு, ஏற்றதை அறிவியலின் கணக்கில் வைத்துக்கொள்வது நேர்மையான வாசிப்பாகாது.

ஹேர்ட்மனின் விளக்கங்களும் பிழைத்ததுண்டு. முத்தின் கரு ஒரு நாடாப்புழுவின் இளம்பருவம் என்ற அவரது கோட்பாட்டை விலங்கியலாளர் லிஸ்டர் ஜேம்சன் 1912இல் மறுத்தார். பார்கள் 1906இல் இருபதாண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பனியிடம் போயின. அறிக்கை வந்த பிறகும், 1907க்குப் பின் சலாபம் பல ஆண்டுகள் நின்றுபோனது. அதற்காக அறிக்கையை யாரும் தள்ளிவைக்கவில்லை. அந்தச் சலுகை கடலோடிகளுக்கும் உரியது.

கடலோடிகளின் அறிவின் மதிப்பை ஹோர்னெல் சற்றுக் கூடுதலாக உணர்ந்தவர் என்பது என் கணிப்பு. பின்னாளில் சங்கு பற்றியும் (1914), இந்தியப் படகுகள் பற்றியும் (1920) அவர் எழுதியவற்றில் உயிரியலோடு தொழிலும் வழக்கும் சேர்ந்தே வருகின்றன.

இன்று நமக்கு முன்னுள்ள வேலை எளியது, அவசரமானது. அறிக்கையின் பார்ப்பெயர்கள் ஆங்கில எழுத்தில் சிதைந்து கிடக்கின்றன. புகழ்பெற்ற ஒரு பாரின் பெயர் ‘செவல்’ பாரா, ‘சேவல்’ பாரா என்று அந்த எழுத்தை வைத்து முடிவுகட்ட முடியாது. செந்நிறத் தரையைச் சொல்லும் பெயரும் பறவையின் பெயரும் ஒன்றல்ல. இப்பெயர்களை வாய்வழியாக அறிந்த சம்மாட்டிமாரும் சுழியோடிகளும் முதுமையில் இருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மீன்பிடியியல் மாணவர்கள் அறிக்கையின் வரைபடத்தோடு பேசாலைக்கும் சிலாவத்துறைக்கும் வர வேண்டும். ஒவ்வொரு பாரின் பெயரையும் கேட்டுத் தமிழில் எழுதிக்கொள்ள வேண்டும்.