மறைக்கல்வியும் சமய அறிவும்: மலாயா, சிங்கைக் கத்தோலிக்கப் பள்ளிகளின் ஒரு வரலாற்றுக் கூறு

இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூலாகிய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. மறு ஆண்டில் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வந்தது. அண்டிரிக் அடிகளார் ஆக்கிய இவ்விரண்டும் மறையைக் கற்பிப்பதற்கென்றே எழுந்தவை. பின்னது ஆசிரியன் வினவ மாணாக்கன் விடையிறுக்கும் முறையில் அமைந்தது. நம் மொழியின் அச்சு வரலாறு ஒரு சமய வகுப்பில் தொடங்கியது என்று கூறினால் அது மிகையன்று.

அண்டிரிக் அடிகளாருக்கு முன்பே, முத்துக்குளித்துறையில் பிரான்சிசு சவேரியார் அடிப்படை வேண்டல்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, கையில் மணியேந்தித் தெருவில் நடந்து சிறுவரைத் திரட்டி, மனப்பாடம் செய்வித்தார். 1545இல் அவர் மலாக்காவில் வந்திறங்கியபோது அம்முறையும் உடன் வந்தது. அங்கே வேண்டல்கள் மலாய் மொழியில் பெயர்க்கப்பட்டன. ஒன்றை இங்குக் குறித்துக்கொள்வோம். மறையைக் கற்பிக்க வந்தவர் அந்தந்த ஊர் மக்களின் மொழியைத் தேடிச் சென்றார். முந்நூறு ஆண்டுகள் கழித்து இந்நிலத்தில் எழுந்த பள்ளிகளில் அந்நிலை மாறிவிட்டது.

1852இல் பெரல் அடிகளாரின் முயற்சியால் தெ லா சால் சபைச் சகோதரர்கள் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் வந்தனர். சிங்கையில் செயின்ட் ஜோசப் கழகமும் பினாங்கில் செயின்ட் சேவியர் கழகமும் அவ்வாண்டில் தோன்றின. குழந்தை இயேசு சபைக் கன்னியர் 1854இல் சிங்கையில் பெண்களுக்கான பள்ளியைத் திறந்தனர். இச்சபைகளுக்கு மறைக்கல்வி பள்ளியின் ஒரு பாடமாக இருக்கவில்லை. பள்ளி தோன்றியதன் காரணமே அதுவாக இருந்தது. தம் சகோதரர்கள் நாள்தோறும் மறைக்கல்வி புகட்டவேண்டும் என்பது சபையை நிறுவிய ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால் வகுத்த நெறி.

ஆனால் அவர் பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நகரங்களின் ஏழைக் கத்தோலிக்கச் சிறுவரை மனத்தில் கொண்டு அந்நெறியை வகுத்தார். சிங்கையிலும் பினாங்கிலும் பெஞ்சுகளில் வந்தமர்ந்தோர் வேறு. சீனர், யூரேசியர், தமிழர், யூதர் எனப் பல இனத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் கற்கவும், அதன்வழி அலுவலக வேலை பெறவும் வந்தனர். அவர்களுட் பலருடைய வீட்டுச் சமயம் கத்தோலிக்கம் அன்று. ஆகவே ஒரு வழக்கம் படிப்படியாக உருவாயிற்று: மறைக்கல்விக்கான மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு அமர்வர். ஏனையோர் ஒழுக்கப் பாடத்திற்கோ தனிப்படிப்பிற்கோ செல்வர். கான்வென்ட் பள்ளிகளில் பயின்ற நம் தாய்மார் பலருக்கு இது நினைவிருக்கும். யார் எழுந்து போகிறார், யார் அமர்ந்திருக்கிறார் என்னும் இச்சிறு செயலில் ஒரு பெரிய வினா அடங்கியிருந்தது. சமயத்தைக் கற்பிப்பது நம்பிக்கையை ஊட்டுவதா, அறிவைத் தருவதா? அவ்வினாவுக்குத் திருச்சபையும் அரசும் நெடுங்காலம் நேர்விடை கூறவில்லை.

அமர்ந்திருந்த தமிழ்ப் பிள்ளையின் நிலையையும் எண்ணிப் பார்க்கவேண்டும். பள்ளியின் மொழி ஆங்கிலம், மறைக்கல்வியும் ஆங்கிலத்தில்தான். வீட்டில் பாட்டி தமிழில் செபமாலை சொல்ல, பேரப்பிள்ளை அதே வேண்டலை ஆங்கிலத்தில் ஒப்பித்தது. தமிழ்க் கத்தோலிக்கருக்கெனச் சிங்கையில் 1888இல் எழுந்த லூர்து அன்னை ஆலயமும், கோலாலம்பூரில் 1910இல் எழுந்த புனித அந்தோனியார் ஆலயமும் இல்லாதிருப்பின், 'ஞானோபதேசம்' என்ற சொல்லும் பின்னர் அதன் இடத்தைப் பெற்ற 'மறைக்கல்வி' என்ற சொல்லும் இந்நாடுகளில் எத்தனை பேர் வாயில் நிலைத்திருக்கும் என்பது ஐயமே. பள்ளி கைவிட்ட மொழியை ஞாயிற்றுக்கிழமை காத்தது.

1965 அக்டோபர் 28 இவ்வரலாற்றில் தனிநாள். இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் அன்று வெளியிட்ட ஏடுகளுள் ஒன்று கிறித்தவக் கல்வியைப் பற்றியது. மற்றொன்று பிற சமயங்களோடு திருச்சபைக்குள்ள உறவைப் பற்றியது. இந்து, பௌத்த சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் உள்ள எதனையும் திருச்சபை தள்ளுவதில்லை என இரண்டாவது ஏடு அறிவித்தது. அதுவரை வகுப்பை விட்டு எழுந்து போன பிள்ளையின் சமயம், அன்று முதல் வகுப்பிற்குள் மதிப்போடு பேசப்பட வேண்டிய பொருளாயிற்று. இரண்டு ஏடுகளும் ஒரே நாளில் வந்தது தற்செயலாக இருக்கலாம். நம் பள்ளிகளைப் பொறுத்தவரை அவற்றைச் சேர்த்தே படிக்கவேண்டும்.

மலாயாவில் அதற்குள் அரசு குறுக்கிட்டிருந்தது. தம் சமயமல்லாத சமயத்தின் போதனையைப் பெறுமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்பது கூட்டரசு அரசியலமைப்பின் 12ஆம் பிரிவு. பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் சமயத்தைப் பெற்றோர் முடிவு செய்வர் என்றும் அது கூறுகிறது. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, பதினைந்து அல்லது அதற்கு மேற்பட்ட முஸ்லிம் மாணவர் பயிலும் உதவிபெறும் பள்ளி அவர்களுக்கு இஸ்லாமியப் பாடம் நடத்தவேண்டியிருந்தது. பிற சமயப் பாடத்தைப் பள்ளி நடத்தலாம். ஆயினும் அதற்குப் பொதுப்பணம் கிடையாது, தம் சமயமல்லாத சமயத்தின் பாடத்தில் மாணவர் அமரப் பெற்றோரின் எழுத்துவழி இசைவும் வேண்டும். கன்னியர் நடத்திய பள்ளிக்குள் சமய ஆசிரியை இஸ்லாம் கற்பிக்க வந்தார். கன்னியரின் மறைக்கல்வி கால அட்டவணையின் ஓரத்திற்குச் சென்றது. பின்னர் முஸ்லிமல்லாத மாணவருக்கு நன்னெறிக்கல்வி பாடமாயிற்று. வகுப்பு மீண்டும் இரண்டாகப் பிரிந்தது. பிரிக்கும் கோடு மட்டும் இடம் மாறியது.

சிங்கப்பூர் நேர்மாறான வழியில் சென்றது. மேனாட்டுப் பழக்கங்களால் இளையோர் வேரற்றுப் போவர் என்ற அச்சத்தில், அப்போதைய கல்வி அமைச்சர் கோ கெங் சுவீ 1982இல் சமய அறிவைக் கட்டாயப் பாடமாக்கும் திட்டத்தை அறிவித்தார். 1984 முதல் உயர்நிலை மூன்று, நான்கு மாணவர் விவிலிய அறிவு, பௌத்தம், இந்து சமயம், இஸ்லாம், சீக்கியம், கன்பூசிய ஒழுக்கவியல் ஆகியவற்றுள் ஒன்றைப் பயின்றனர். இது அறிவுப் பாடம். தேர்வு உண்டு, மதிப்பெண் உண்டு. கன்பூசிய ஒழுக்கவியலுக்கென வெளிநாட்டு அறிஞரை அழைத்துப் பெருமுயற்சி செய்தும், 1989இல் அதனை எடுத்தோர் ஏறத்தாழ 18 விழுக்காட்டினரே. பௌத்தத்தை ஏறத்தாழ 44 விழுக்காட்டினரும் விவிலிய அறிவை ஏறத்தாழ 21 விழுக்காட்டினரும் எடுத்தனர். 1990ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் கிறித்தவர் 13 விழுக்காட்டிற்கும் குறைவு என்பதை இதனோடு வைத்துப் பார்த்தால், கிறித்தவரல்லாதோர் பலரும் அப்பாடத்தில் அமர்ந்தனர் என்பது விளங்கும். கிறித்தவப் பள்ளிகளில் அதற்கே ஆசிரியர் ஆயத்தமாக இருந்தமை இதற்கு ஒரு காரணம் எனக் கொள்ளலாம்.

அறிவு எங்கே முடிகிறது, நம்பிக்கை எங்கே தொடங்குகிறது? சமயத்தில் ஆழ்ந்து ஈடுபட்டவரே அதனை ஆர்வத்தோடு கற்பிக்க முன்வருவர். அவரிடம் ஈடுபாட்டை வாசலில் கழற்றிவைத்துவிட்டு வருமாறு கேட்பது எளிதன்று. 1988இல் வத்திக்கான் வெளியிட்ட கத்தோலிக்கப் பள்ளி பற்றிய ஏடு இவ்வேறுபாட்டைத் தெளிவாக வரைந்தது: பள்ளியின் சமயப் பாடம் அறிவை நாடுவது, மறைக்கல்வி நம்பிக்கை வாழ்வில் வளர்ப்பது, இரண்டும் தொடர்புடையன, ஒன்றல்ல. தமிழில் 'சமய அறிவு', 'மறைக்கல்வி' என இரு சொற்கள் நம்மிடம் ஆயத்தமாகவே உள்ளன. ஏட்டில் வரைந்த கோடு வகுப்பறையில் நிற்குமா என்பதுதான் சிக்கல். அவ்வாண்டுகளில் சிங்கையில் சமய எழுச்சி, மதமாற்ற முயற்சிகள் பற்றிய சமூகவியல் ஆய்வறிக்கைகள் அரசைக் கவலைகொள்ளச் செய்தன. 1989 அக்டோபரில் கட்டாயச் சமயப் பாடத்தைக் கைவிடும் முடிவு வெளியாயிற்று. மறு ஆண்டில் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது.

சிங்கையில் அவ்விடத்தைக் குடிமை, ஒழுக்கக் கல்வி நிரப்பியது. மலேசியாவிலோ விவிலிய அறிவு எஸ்.பி.எம். தேர்வில் விருப்பப் பாடமாக நீடித்தது. அதனை எழுத விழையும் மாணவர் பெரும்பாலும் பள்ளி நேரத்திற்கு வெளியே, ஆலயத்தில் தாமே முன்வந்து கற்பிக்கும் ஆசிரியர்களிடம் பயில்கின்றனர்.