அகமணம்: மூக்கின் அளவிலிருந்து மரபணு வரை



நம் மன்றத்தை வளர்த்து மறைந்த மூத்த தோழர்களை நினைவுகூரும் இந்த நாளில், மனித உறவுகள் பற்றிய ஆய்வுகளின் வரலாற்றைப் பேச எடுத்துக்கொள்கிறோம். அதற்குக் காரணம் உண்டு. "சாதி ரத்தத்திலேயே இருக்கிறது", "இனம் இனத்தோடுதான் சேரும், அதுதான் இயற்கை" என்ற பேச்சு இன்று அறிவியலின் பெயரால் வருகிறது. முன்பு சாஸ்திரத்தைக் காட்டியவர்கள் இப்போது டி.என்.ஏ.வைக் காட்டுகிறார்கள். மனிதர்கள் யாரோடு சேர்கிறார்கள், யாரை விலக்குகிறார்கள் என்று ஆராய்ந்தவர்கள் உண்மையில் என்ன கண்டார்கள் என்பதை நாம் அறிந்து வைத்திருக்க வேண்டும்.

1891ஆம் ஆண்டிலிருந்து தொடங்கலாம். வங்காளத்தில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி ஹெர்பர்ட் ரிஸ்லி, அங்குள்ள சாதிகள், பழங்குடிகளின் உடல் அளவுகளை அந்த ஆண்டில்தான் வெளியிட்டார். மூக்கின் அகலத்தை அதன் உயரத்தோடு ஒப்பிட்டு ஓர் எண் போட்டார். மூக்கு அகலமாக அகலமாகச் சாதியின் மதிப்பு குறைகிறது என்பது அவர் சொன்ன விதி. அவரே 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையரானார். அந்தக் கணக்கெடுப்பில் சாதிகள் மேல் கீழாக வரிசைப்படுத்தப்பட்டன. ஊரில் சொல்லிவந்த ஏற்றத்தாழ்வு அரசு ஆவணமாயிற்று.

அதே 1891இல் பின்லாந்து நாட்டு எட்வர்ட் வெஸ்டர்மார்க், மனிதத் திருமணத்தின் வரலாறு பற்றிய தம் நூலை வெளியிட்டார். சிறு வயதிலிருந்து ஒன்றாக வளர்ந்தவர்களுக்கு இடையே பாலியல் ஈர்ப்பு எழுவதில்லை என்றார். டார்வினின் வழியில் நின்று சொல்லப்பட்ட கருத்து இது. பல பத்தாண்டுகள் கழித்து ஆர்தர் உல்ஃப் தைவானில் இதைச் சோதித்தார். அங்கே வருங்கால மருமகளாகப் பெண் குழந்தையைத் தத்தெடுத்து, மகனோடு சேர்த்து வளர்த்து மணம் செய்விக்கும் வழக்கம் இருந்தது. அத்தகைய திருமணங்களில் குழந்தைப்பேறு குறைவாகவும் மணமுறிவு கூடுதலாகவும் இருந்ததைக் கண்டார். அப்படியானால் பரிணாம ஆய்வு காட்டும் விலக்கம் கூடவே வளர்ந்தவரை நோக்கியது. பக்கத்துத் தெருக்காரரையும் சேரிக்காரரையும் விலக்கும்படி இயற்கை சொன்னதற்கு இதில் சான்று எதுவும் இல்லை.

அதே 1891இல்தான் அண்ணல் அம்பேத்கர் பிறந்தார். 1916 மே 9 அன்று, 25 வயதில், நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைசர் நடத்திய மானிடவியல் கருத்தரங்கில் இந்தியச் சாதிகள் குறித்த கட்டுரையை வாசித்தார். செனார்ட், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேட்கர் ஆகியோரின் விளக்கங்களை எடுத்து ஆராய்ந்துவிட்டு, சாதியின் உயிர்நாடி அகமணம் என்று நிறுவினார். இந்தியச் சமூகத்தின் பழைய வழக்கம் புறமணம். ஒரே கோத்திரத்துக்குள் மணம் கூடாது என்பதில் அது இன்றும் மிச்சமிருக்கிறது. அந்தப் புறமணத்தின் மீது அகமணம் திணிக்கப்பட்டபோது சாதி உண்டாயிற்று என்பது அவர் வாதம்.

திணிக்கப்பட்ட ஒன்றை எப்படிக் காப்பாற்றுவது? இங்கேதான் அவருடைய ஆய்வின் கூர்மை இருக்கிறது. ஒரு குழு தனக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டுமென்றால் மணவயதில் ஆணும் பெண்ணும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். கணவன் இறந்தால் ஒரு பெண் மிஞ்சுகிறாள். மனைவி இறந்தால் ஓர் ஆண் மிஞ்சுகிறான். மிஞ்சியவர் வெளியே மணம் செய்தால் வேலி உடையும். உள்ளேயே மணம் செய்தால் இன்னொருவருக்குத் துணை கிடைக்காது. ஆகவே பெண்ணைச் சிதையில் ஏற்றினார்கள், அல்லது விதவையாகவே முடக்கினார்கள். ஆணுக்கு மட்டும் பருவமடையாத சிறுமியை மணம் முடித்தார்கள். உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் மூன்றும் அகமணத்தைக் காக்கவே வந்தவை என்று அவர் விளக்கினார். சாதியைப் பேச வேண்டுமானால் பெண்ணின் அடிமைத்தனத்தைப் பேசியாக வேண்டும் என்று நாம் சொல்வதற்கு வேர் இங்கே இருக்கிறது.

மூக்கு அளவையையும் அவர் விடவில்லை. 1948இல் வெளிவந்த தீண்டப்படாதோர் பற்றிய நூலில், குர்யே தொகுத்திருந்த அளவுகளையே எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியின் பார்ப்பனரும் அதே பகுதியின் தீண்டப்படாதோரும் வேறு வேறு இனம் என்ற கதை நிற்காது என்று காட்டினார்.

அளவுகோலின் இடத்துக்கு இப்போது மரபணு வந்திருக்கிறது. ஐதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோரும் அமெரிக்காவின் டேவிட் ரைக்கும் 2009இல் 25 இந்தியக் குழுக்களின் மரபணு ஆய்வை வெளியிட்டார்கள். 2013இல் பிரியா மூர்ஜானி முதல் ஆசிரியராக இருந்த ஆய்வு 73 குழுக்களை எடுத்துக்கொண்டது. இன்றைக்குச் சுமார் 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் இந்த மண்ணின் மக்கள் பரவலாகக் கலந்திருக்கிறார்கள். பிறகு அந்தக் கலப்பு அருகிப்போனது. 2016இல் கல்யாணி ஆய்வு நிறுவனத்தார் வெளியிட்ட கட்டுரை, மேல்சாதியினரிடையே கலப்பு நின்றது ஏறத்தாழ 70 தலைமுறைக்கு முன் என்று கணக்கிட்டது.

மேல்சாதிகளில் வடக்கிலிருந்து வந்த மூதாதையரின் பங்கு சராசரியாகக் கூடுதல் என்பதும் இந்த ஆய்வுகளில் இருக்கிறது. அதை நாம் மறைக்கத் தேவையில்லை. இந்திய நிலப்பரப்பில் ஏறக்குறைய எல்லாக் குழுவும் கலந்த குழுவே. வேறுபடுவது கலப்பின் விகிதம். அந்த விகிதம்கூட அப்படியே உறைந்து நிற்பதற்குக் காரணம், அதன்பின் கதவை அடைத்ததுதான். உடலில் தெரிவது திருமண விதியின் தழும்பு. ரிஸ்லி விளைவைக் காரணமாக எடுத்துக்கொண்டார்.

தழும்பு அடைத்தவர்களையும் விடவில்லை. 260க்கும் மேற்பட்ட தெற்காசியக் குழுக்களை எடுத்துக்கொண்ட 2017 ஆய்வில், 81 குழுக்கள் சிறு தொகை முன்னோரிடமிருந்து பெருகி வெளியே கலக்காமல் இருந்ததன் அழுத்தமான தடயத்தைக் காட்டின. இத்தகைய குழுக்களில் சில பரம்பரை நோய்கள் கூடுதலாக வரும். ஆந்திரத்தின் வைசியர்களில் பலருக்கு, அறுவை சிகிச்சையின்போது தரப்படும் ஒருவகைத் தசைத் தளர்ச்சி மருந்தை உடல் எளிதில் சிதைக்க முடிவதில்லை. தூய்மை என்று போற்றிய வேலிக்குள் பிள்ளைகளுக்குக் கிடைத்த சொத்து இது.

இத்தனைக்குப் பிறகும் வேலி நிற்கிறது. கொல்கத்தாவின் வங்க நாளிதழில் மணமக்கள் விளம்பரம் கொடுத்த குடும்பங்களை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ முதலியோர் ஆராய்ந்தார்கள். சொந்தச் சாதியில் வரன் கிடைக்க, முதுகலை படித்தவரை விட்டுப் படிக்காதவரை ஏற்கும் அளவுக்குக்கூட அந்தக் குடும்பங்களின் சாதி விருப்பம் வலுவாக இருந்தது. 2011-12 இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வின்படி நாட்டில் சாதி மறுப்புத் திருமணங்கள் சுமார் 5 விழுக்காடு.

இது இயற்கையின் விருப்பம் என்பவர்களிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி எளிமையானது. இயற்கையாக நடப்பதற்குக் காவல் எதற்கு? 2012இல் தருமபுரி நத்தம் காலனியின் வீடுகள் ஏன் எரிந்தன? 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், ஓர் இளைஞனை ஏன் வெட்டிக் கொன்றார்கள்? தானாக நிற்கும் வேலிக்கு அரிவாள் தேவைப்படாது. விலகி நிற்பது மனித இயல்பென்றால் அந்தப் பிள்ளைகள் ஒருவரையொருவர் நேசித்திருக்கவே மாட்டார்கள்.

ஆகவே சாதி மறுத்து மணப்பவர்களைக் காப்பது நமக்கு வெறும் காதல் விவகாரம் ஆகாது. 1936இல் சாதி ஒழிப்புக்கு அண்ணல் காட்டிய மருந்து கலப்பு மணம். அதற்குத் தடையாக நிற்கும் சாஸ்திர நம்பிக்கையைத் தகர்க்க வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னார். 2018இல் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்கவும் பாதுகாப்பு இல்லங்கள் பற்றிச் சிந்திக்கவும் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. நம் மாவட்டத்தில் அந்தப் பிரிவு எங்கே இருக்கிறது, அதன் தொலைபேசி எண் என்ன, இதுவரை எத்தனை பேரைக் காத்தது என்று கேட்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு கொடுப்போம். ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் கேட்போம். நம் வீட்டுப் பிள்ளைகள் நமக்குள்ளேயே இருக்கும் உட்சாதி வேலியைத் தாண்டி வந்தால், முதலில் நாம் கதவைத் திறப்போம்.

ஜெய்பீம்.